680 டாலர் போச்சு: ரைடிங் மோவரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மாலை கடைக்காரர் அனுப்பிய மெசேஜைப் பார்த்ததும் இது தணிகிற கோபம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் ராலே, கேரி, அபெக்ஸ் பக்கம் இருப்பவர்கள், அதிலும் பெரிய தோட்டம் வேண்டுமென்று ஆசைப்பட்டு முக்கால் ஏக்கரில் வீடு வாங்கி மாட்டிக்கொண்ட என்னைப் போன்றவர்கள் படியுங்கள்.

ரைடிங் மோவர் என்றால் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி. எங்களுடையது ஒன்பது வருடப் பழையது. வி-ட்வின் (இரண்டு சிலிண்டர்) இன்ஜின், பிளேடுகளை மூடியிருக்கும் 42 அங்குலத் தட்டு (டெக்), இரண்டு பிளேடு. ஏப்ரல் முதல் வாரம், இங்கே ஃபெஸ்க்யூ புல் ராத்திரியோடு ராத்திரியாக வளரும் நேரம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும், முன்னே போகும், பின்னே வரும். பிளேடைச் சுற்றவிட மஞ்சள் குமிழைத் தூக்கினால் போதும், இன்ஜின் அப்படியே அமுங்கித் திணறும். இரண்டு முறை நின்றே போனது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: ஏர் ஃபில்டர் மாற்றினேன், டெக்குக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டினேன், பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினேன். மாற்றம் இல்லை. அதற்குள் புல் உயரம் பற்றிக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வேறு.

அப்போது கிடைத்ததுதான் இந்தக் கடை. வீட்டு கராஜிலேயே நடத்தும் சின்ன இன்ஜின் ரிப்பேர் கடை. அவரே டிரெய்லர் கொண்டுவந்து வண்டியை ஏற்றிப் போனார். நல்ல வயதானவர், பேச்சில் அவ்வளவு நிதானம். என் மகனைப் பார்த்து "நீதான் வருங்கால டிரைவரா" என்று கேட்டு, டிரெய்லரில் ஏற்றும்போது ஸ்டீயரிங்கைப் பிடிக்கவிட்டார். நான் விழுந்தது அங்கேதான். நான்கு நாள் கழித்து என்னைக் கடைக்கு வரச்சொல்லி, கரிப்பிடித்த கிளட்ச் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார். "இதுதான் உங்கள் வியாதி. பிளேடைப் பிடித்துச் சுற்றுவதே இதுதான், உள்ளே எரிந்துபோய்விட்டது" என்றார். டாக்டர் எக்ஸ்ரே காட்டினால் நாம் தலையாட்டுவோமே, அப்படி ஆட்டினேன்.

பில் இது: கிளட்ச் 240, கார்புரேட்டர் வேலை 180, பெல்ட் 60, கூலி மணிக்கு 95 வீதம் இரண்டு மணி நேரம் 190, ஏற்றி இறக்க 40. மொத்தம் 710. "பணமாகக் கொடுத்தால் 30 குறைத்துக்கொள்கிறேன்" என்றார். ஏடிஎம்முக்குப் போய் எடுத்துவந்து 680 டாலரை எண்ணிக் கையில் கொடுத்தேன். நன்றியும் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

வண்டி வந்தது ஏப்ரல் 16. அந்த ஞாயிற்றுக்கிழமை குமிழைத் தூக்கினேன். அதே முனகல், அதே திணறல்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். முதல் போன்: "புல் உயரமாக இருக்கும், டெக்கை ஏற்றிவைத்து வெட்டுங்கள்." சிமெண்ட் தரையில் நிற்கும்போதே திணறுகிறது என்றேன். இரண்டாவது போன்: எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டிருப்பீர்கள், அதுதான். மூன்றாவது போனில், வீட்டில் கணவர் இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்களேன் என்றார். அவருக்கு மோவரின் சாவி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது! நான்காவது முறை, இது வேறு கோளாறாக இருக்கும், பார்க்க 95 டாலர் ஆகும் என்றார். பிறகு இரண்டு வாரம் வாய்ஸ்மெயில் மட்டும்தான். நேற்று, மே 19, அந்த மெசேஜ்: வேலைக்கு 30 நாள்தான் உத்தரவாதம், அது முடிந்துவிட்டது. பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். போனை எடுக்காமல் நாளைக் கடத்தியது எதற்கென்று இப்போது புரிகிறதா?

இனிமேல்தான் அடிவயிறு பற்றியெரிந்த விஷயம். அப்பா போன வாரம்தான் ஊரிலிருந்து வந்தார். பொள்ளாச்சியில் முப்பது வருடம் பம்ப்செட், டீசல் இன்ஜின் ரிப்பேர் பார்த்தவர். இந்த மாதிரி மோவரை வாழ்க்கையில் தொட்டதில்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அம்மிணி, இது ஒத்தக்கால்ல நிக்குது" என்றார். இன்ஜினை ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஓடியதும், சைலன்சருக்குப் போகும் இரண்டு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் விட்டார். ஒன்றில் சுர்ரென்று ஆவியானது. மற்றதில் அப்படியே வழிந்தது. இரண்டு சிலிண்டரில் ஒன்று வேலையே செய்யவில்லை! சும்மா ஓடும்போது, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் சமாளித்துக்கொள்ளும். பிளேடின் பாரம் விழுந்ததும் ஒரு சிலிண்டர் எவ்வளவு இழுக்கும்? அந்தப் பக்கத்து பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. பிளக்கை இடம் மாற்றிப் பார்த்தோம், பொறி வரவில்லை. இன்ஜினை நிறுத்தும் மெல்லிய ஒயரை, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலிலிருந்து கழற்றியும் பார்த்தோம், அப்போதும் இல்லை. காயில் போச்சு. புதுக் காயில் 38 டாலர், நாளை மறுநாள் வருகிறது. மாட்டும்போது காயிலுக்கும் இன்ஜின் சக்கரத்துக்கும் (ஃப்ளைவீல்) நடுவே இடைவெளி வைக்க ஒரு விசிட்டிங் கார்டு போதுமாம்.

அப்புறம் அப்பா டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து, "கிளட்ச் எப்ப மாத்துனாங்க?" என்று கேட்டார். போன மாதம் என்றேன். எழுந்திருக்காமலே சிரித்தார். போய்ப் பார்த்தால் கிளட்சில் ஒன்பது வருடத் துரு, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றிக் காய்ந்த புல் அப்பிக் கிடக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பெல்ட் புதிது, கார்புரேட்டரைக் கழுவியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்குக் காட்டிய அந்தக் கரிப்பிடித்த கிளட்ச் யார் வீட்டு வண்டியுடையதோ. இன்னும் எத்தனை பேருக்கு அதையே காட்டுவாரோ.

பணமாகக் கொடுத்ததால் கார்டு கம்பெனியிடம் முறையிட வழியில்லை. சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. கட்டணம் கட்டி, லீவு போட்டு, அவர் மாற்றவில்லை என்று நான் நிரூபிக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் எடுத்த போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. 680 டாலர்.

என்னென்ன சோதிக்கலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடியும். குமிழைத் தூக்கும் முன் த்ராட்டில் (வேகம் கூட்டும் கைப்பிடி) முழு வேகத்தைக் குறிக்கும் முயல் படம் வரை போயிருக்கிறதா பாருங்கள். திணறாமல் பட்டென்று அணைந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும், சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சைப் பாருங்கள், அது வேறு கதை. இரட்டை சிலிண்டர் என்றால் முதலில் அந்தத் தண்ணீர்ச் சோதனை, சுடும், கை பத்திரம். கடைக்குப் போகும் முன் அடியில் போட்டோ எடுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். 30 டாலர் தள்ளுபடிக்காகப் பணமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இதற்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று அப்பா கேட்டார். நூறு டாலர் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கே மனசுக்குள் ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு நேற்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.