நைட்ரோ இன்ஜினை ஓட்டாமல் வைக்கும்போது எந்த எண்ணெய் விடலாம்?

ரிமோட் மாடல் கார்களிலும் விமானங்களிலும் இருக்கும் சின்ன இன்ஜின்தான் நைட்ரோ இன்ஜின். மெத்தனால், எண்ணெய், பெரும்பாலும் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த அதைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று விரலில் தட்டுப்பட்டால், சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பின்பக்க பேரிங்கின் குண்டுகளில் துரு ஏறிவிட்டது. இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கும் குழாயான ஸ்லீவ் குரோம் பூசிய பித்தளை. அவை துருப்பிடிக்காது. எஃகால் ஆனவை பேரிங், கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன் பின். அதனால் எந்த எண்ணெயையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: பின் பேரிங் வரை போகுமா, போனால் அங்கே தங்குமா?

துருவுக்குக் காரணம் எரிபொருளேதான். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நைட்ரோமீத்தேன் எரியும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்த ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மாடல் கார்களில் 16 முதல் 30 சதவீதம் நைட்ரோ சாதாரணம் என்பதால் கார் ஓட்டுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். நைட்ரோ இல்லாத 80க்கு 20 மெத்தனால், விளக்கெண்ணெய்க் கலவையில் பறக்கவிடுபவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

விளக்கெண்ணெயையே விட்டு வைத்தால் என்ன? துருவைத் தடுப்பதில் அது நல்ல எண்ணெய். உலோகத்தில் ஒட்டிக்கொண்டு விலகாது, எரிபொருளில் பாக்கியிருக்கும் மெத்தனாலோடும் கலந்துவிடும். ஆனால் நாள் போகப்போகப் பிசினாக இறுகும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் இன்ஜின் சுற்றவே மறுக்கும். அப்போது ஸ்டார்ட்டரை வைத்து முறுக்கினால் கனெக்டிங் ராட் வளையக்கூடும். ஹேர் டிரையரால் சூடுகாட்டினால் பிசின் இளகிவிடும், பொறுமை மட்டும் வேண்டும்.

பலர் கை நீட்டுவது டபிள்யூடி-40 டப்பாவுக்கு. அது ஈரத்தை விரட்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிவிடும், மிஞ்சுவது மிக மெல்லிய படலம். ஒரு வார இடைவெளிக்குப் போதும், மழைக்காலம் முழுவதற்கும் நம்பி வைக்க முடியாது. முதலில் இதை அடித்து ஈரத்தைத் தள்ளிவிட்டு, பிறகு கனமான எண்ணெய் விடுவதென்றால் சரி.

என் ஓட்டு ஏடிஎஃப், ஏர் டூல் ஆயில் இரண்டுக்கும்தான். ஏடிஎஃப் ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். ஏர் டூல் ஆயிலின் வேலையே ஈரக்காற்று ஓடும் கருவிகளுக்குள் துருவைத் தடுப்பது, நம் தேவையும் ஏறக்குறைய அதேதான். இரண்டிலும் துருத்தடுப்பான் சேர்த்திருக்கிறார்கள், இரண்டும் பிசினாவதில்லை. ஹாபி கடைகளில் ஓட்டி முடித்தபின் விடுவதற்கென்றே சின்னக் குப்பியில் விற்கும் ஆஃப்டர் ரன் ஆயிலும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அளவைப் பார்த்தால் விலை அதிகம். தையல் மெஷின் எண்ணெய் சும்மா விடுவதற்குப் பதில் பரவாயில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பெட்ரோலிய எண்ணெய்களுக்கு ஒரு குணம் உண்டு: மெத்தனாலோடு கலக்காது. உள்ளே எரிபொருள் தங்கியிருக்க, மேலே ஏடிஎஃப் விட்டால் ஈரமும் அமிலமும் அடியில் அப்படியே கிடக்கும். ஆகவே கடைசி ஓட்டத்தில், இன்ஜின் ஐடிலில், அதாவது மிக மெதுவான ஓட்டத்தில் இருக்கும்போதே எரிபொருள் குழாயைக் கிள்ளி, தானாக அணையும்வரை விடுங்கள். பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியை இணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள், எரிய ஒன்றும் மிஞ்சாதவரை.

அப்புறம் எண்ணெயை எங்கே விடுவது என்பது, எதை விடுகிறோம் என்பதைவிட முக்கியம். பிளக் துளையில் மட்டும் விட்டால் பிஸ்டன் தலையும் ஸ்லீவும் நனையும், பேரிங் காய்ந்தே இருக்கும். கார்புரேட்டரை முழுக்கத் திறந்து ஐந்தாறு சொட்டு விட்டுச் சுழற்றினால், எண்ணெய் கிராங்க் ஷாஃப்ட்டின் உள்துளை வழியாகப் போய்ப் பின் பேரிங்கில் இறங்கும். பிளக்கைக் கழற்றிவிட்டே சுழற்றுங்கள், மேலே எண்ணெய் தேங்கினால் பிஸ்டன் முட்டிக்கொள்ளும். கடைசியாக பிஸ்டனைக் கீழே நிறுத்துங்கள். ஸ்லீவின் மேற்பகுதி குறுகலானது, பிஸ்டன் அங்கே இறுக்கிப் பிடித்தபடி மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது.

கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மறுபடி ஓட்டுமுன் பிளக்கைக் கழற்றி, நாலைந்து சுற்றில் பழைய எண்ணெயைத் துணியில் வெளியேற்றிவிட்டுப் புது எரிபொருள் ஊற்றலாம். துணியில் பழுப்பு நிறம் தெரிந்தால் முதலில் பேரிங்கைப் பாருங்கள்.