கண்ணாடி இறக்கைப் பூச்சி பாக்க வாங்குன மொபைல் மேக்ரோ லென்ஸ்: ரிவ்யூ

நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு மொபைல் கடைல வாங்குன கிளிப் லென்ஸ் இது, 10 மடங்கும் 25 மடங்கும் சேந்து எழுநூறு ரூவா. பூ, வண்டுன்னு எடுத்து ரிவ்யூ போட்டவங்க நெறைய இருக்காங்க, நான் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்குன்னே (இங்கிலீஷ்ல green lacewing) வாங்குனதால அதப் பத்தி மட்டும் சொல்லுதேன்.

கல்லிடைக்குறிச்சில மயினி வீட்டுத் தென்னந்தோப்புல சுருள் வெள்ளை ஈங்குற சாறு உறிஞ்சுத பூச்சி விழுந்த ஓலைய திருப்பிப் பாத்தா கண்ணாடி இறக்கைப் பூச்சியோட முட்டை இருக்கும், ஒவ்வொண்ணும் மயிரிழை கனத்துல ஒரு காம்பு நுனில தனித்தனியா நிக்கும். புழுவ 10 மடங்குல பாக்கணும், அவ்ளோ அருமை. வளைஞ்ச ரெண்டு தாடையால வெள்ளை ஈ குஞ்சக் குத்தி உறிஞ்சிட்டு அந்த வெறுந்தோலத் தூக்கி முதுகுல போட்டுக்கிட்டு நடக்கு, முதுகுல கெடக்க ஒவ்வொரு தோலும் தெளிவாத் தெரியுது!

ராத்திரி வராந்தா லைட்டுக்கு வார வளந்த கண்ணாடி இறக்கைப் பூச்சிலதான் லென்ஸோட மதிப்பு தெரியும். கண்ணுக்குக் கீழ கன்னத்துல கோடு இருக்கா, உணர்கொம்போட அடில புள்ளி இருக்கா, இறக்கைல குறுக்கு நரம்பு எப்படி வரிசையாப் போகுது, இனம் பிரிக்கவங்க மொதல்ல பாக்குறது இதத்தான், இதெல்லாம் போட்டோல விழுது.

ஆனா புது இனம்னு சொல்ல இது பத்தாது. ஆண் பூச்சியோட வயித்து நுனிய மருந்துல ஊறவச்சு சுத்தம் பண்ணி மைக்ரோஸ்கோப்புல பாக்கணும். நம்ம நாட்டு வயல்ல சாதாரணமா இருக்க கிரைசோபெர்லாங்குற கண்ணாடி இறக்கைப் பூச்சிய ரொம்ப காலம் ஐரோப்பாவுல உள்ள கார்னியாங்குற இனம்னே எழுதிட்டு இருந்தாங்க, பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும், வயித்த அதிர வச்சு ஜோடியக் கூப்பிடுத தாளத்தயும் சேத்து ஆராய்ஞ்சு 2010லதான் இது சாஸ்ட்ரோவி சிலேமிங்குற வேற வகைன்னு முடிவு பண்ணாங்க. அந்தத் தாளம் எந்த லென்ஸுலயும் விழாது.

அதுக்காக போட்டோ வீண்னு நெனைச்சிராதீங்க. மலேசியால குவேக் ஹாக் பிங்னு ஒரு போட்டோகிராபர் காட்டுல ஒரு கண்ணாடி இறக்கைப் பூச்சிய எடுத்து பிளிக்கர்ங்குற போட்டோ வெப்சைட்ல போட்ட படத்த, கலிபோர்னியால இருந்த பூச்சியியல் ஆய்வாளர் ஷான் விண்டர்டன் பாத்து, இறக்கை அடில கருப்பு வலைக் கோலம் புதுசா இருக்கேன்னு கேட்டாரு. படம் எடுத்த பூச்சி பறந்து போயிருந்துச்சு, அப்புறம் இன்னொண்ணப் பிடிச்சு லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துல இருந்த பூச்சி ஆய்வாளர் ஸ்டீவ் புரூக்ஸ்கிட்ட அனுப்பித்தான் 2012ல ஆய்வுக் கட்டுரை எழுதி செமாகிரைசா ஜேட்னு புது இனமாப் பேர் வச்சாங்க. போட்டோ எடுத்தவரும் அந்தக் கட்டுரைல ஒரு ஆசிரியர்.

குறைன்னா கிளிப்புதான், வழுக்கிக்கிட்டே இருக்கு. கடைல கேட்டதுக்கு அண்ணாச்சி, "கவரக் கழத்திட்டுப் போடுங்க தம்பி, நிக்கும்"னாரு, கவரக் கழத்துனா கொஞ்சம் தேவல. 25 மடங்கு தோப்புக்கு ஆகாது, பூச்சிய ஒட்டிப் போகணும், லேசாக் காத்தடிச்சாலே ஃபோகஸ் போயிருது, மொபைல் நெழலும் விழுது. பிளாஷ் அடிச்சா இறக்கை வெள்ளையா மின்னி நரம்பே தெரியல, சைடுல ஒரு டார்ச் பிடிக்க ஆள் இருந்தா போதும்.

என் மார்க் அஞ்சுக்கு நாலு. 10 மடங்கு மட்டும் தனியாக் கெடைச்சா அதையே வாங்குங்க. எடுக்கையில முகம், பக்கவாட்டு, விரிச்ச இறக்கை மூணும் எடுத்து ஊர், தேதி, எந்தச் செடின்னு எழுதி வைங்க, வித்தியாசமா ஒண்ணு பட்டுச்சுன்னா பூச்சியப் பிடிச்சு டப்பால போட்டு கிள்ளிகுளம் வேளாண் கல்லூரில பூச்சியியல் துறைக்குக் கொண்டு போங்க.