வாஜிமா கிண்ணம் என்று சொல்லி பிளாஸ்டிக்கைத் தலையில் கட்டுகிறார்கள்

ஜப்பானில் இருப்பவர்களும், ஊருக்குக் கிளம்பும்போது உருஷி (மரப்பால் அரக்கு) பூசிய கிண்ணம் வாங்கிப் போக நினைப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள்.

2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில், உருஷி வேலைக்குப் பேர்போன வாஜிமா ஊரின் காலைச் சந்தைத் தெரு எரிந்து சாம்பலானது. பட்டறைகளை இழந்தவர்கள் ஏராளம். அந்த இரக்கத்தையே மூலதனமாக்கி, "பாதிக்கப்பட்ட கைவினைஞர்களிடமிருந்து நேரடியாக" என்று விளம்பரம் போட்ட ஓர் இணையக் கடையில் சூப் கிண்ணம் ஒரு ஜோடி வாங்கினேன். விலை 28,000 யென்.

மரப்பெட்டி, பட்டுத்துணி எல்லாம் ஜோர். கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடிவளையத்தின் நடுவே மிளகளவில் ஒரு தழும்பு, அச்சில் வார்த்த தடயம். இரண்டு கிண்ணங்களிலும் இருந்த பொன் நாரைப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் இடது இறக்கையில் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. கையால் வரைந்தால் பிசிறுகூட அப்படி ஒன்றுபோல வராது. துணிக்கு அடியில் சட்டப்படி ஒட்ட வேண்டிய லேபிள் இருந்தது: பூச்சு யுரேதேன் என்ற செயற்கைப் பொருள், உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்.

நிஜ வாஜிமா வேலையில் மரக் கிண்ணத்தின் விளிம்பிலும் அடியிலும் துணி ஒட்டி, அந்த ஊர் மண்ணைச் சுட்டுப் பொடித்து உருஷி மரப்பாலோடு குழைத்துத் திரும்பத் திரும்பப் பூசுவார்கள். உருஷி வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், மாதக்கணக்கில் வேலை. பிளாஸ்டிக் கிண்ணம் மட்டம் என்று சொல்லவில்லை. ஹோட்டல்களில் தினமும் அதில்தான் சூப் தருகிறார்கள். ஆனால் அதற்கு 28,000 யென்னா?

கடைக்காரரிடம் கேட்டால், "வாஜிமா பாணி என்றுதான் சொன்னோம்" என்கிறார். மறுநாளே விளம்பரத்திலும் "பாணி" முளைத்துவிட்டது! பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது.

நுகர்வோர் உதவி எண் 188. கூப்பிட்டேன், பொறுமையாகக் கேட்டார்கள். இப்படி இணையத்தில், தபால் வழி வாங்கிய பொருளுக்கு கூலிங் ஆஃப் உரிமை, அதாவது காரணம் சொல்லாமல் சில நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை, கிடையாதாம். பொய் விளம்பரம் என்று கார்டு நிறுவனத்துக்கு எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன்.

பணம் கட்டும் முன் லேபிளின் படத்தைக் கேளுங்கள். பூச்சு என்ற வரியில், இடப்பக்கம் மூன்று நீர்த்துளி போட்ட உருஷி எழுத்து (漆) இருக்க வேண்டும். வாஜிமா என்று விற்றால் மரபுக் கைவினை முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். லேபிளைக் காட்ட மழுப்பினால் அந்தக் கடையே வேண்டாம். கார்டு நிறுவனத்தின் பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.