வாடைக் காற்றில் ஷிம்மர் நிற்குமா? ராமநாதபுரம் கரைக்கு மூன்று வகை, ஒரு அலசல்

விண்டர் மேக்கப் என்று இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பாதி ராமநாதபுரம் கரைக்கு ஒத்துவராது. குளிர் நாடுகளில் காற்று வறண்டு முகத்தோல் வெடிக்கும். அதனால் கிரீமைக் கெட்டியாகப் பூசி, அதன் மேலேயே மின்னும் பூச்சான ஷிம்மரையும் கிரீமாகவே வைக்கச் சொல்வார்கள். நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழி, தையில் பனி. இடையில் வாடை ஓயாது. காற்றில் ஈரமும் உப்பும் கலந்தே வரும். தோல் வறள்வதைவிடப் பிசுபிசுப்பதுதான் அதிகம். தங்கச்சிமடத்தில் கிறிஸ்துமஸ் பூசைக்கு ஆனாலும் சரி, தை முகூர்த்தத்துக்கு ஆனாலும் சரி, ஷிம்மர் எவ்வளவு மின்னுகிறது என்று பார்க்குமுன் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஃபேன்சி ஸ்டோரிலும் ஆன்லைனிலும் கிடைப்பது மூன்று வகை: அழுத்திய பவுடர் பேலட், குப்பியில் வரும் லிக்விட் ஷிம்மர், சின்ன டப்பாவில் வரும் உதிரித் தூள். பிராண்டு எதுவானாலும் வகைக்குரிய குணம் மாறாது என்பதால் வகை வாரியாகவே பார்க்கலாம்.

முதலிடம் பேலட்டுக்கு. மின்னுவது மைக்கா என்ற கனிமத் தூள், அதன் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு. லேபிளில் இவற்றின் நிறக் குறியீட்டு எண்கள் சி.ஐ. 77019, சி.ஐ. 77891 என்று இருக்கும். செம்பு, வெண்கல நிறங்களில் இரும்பு ஆக்சைடும் சேரும், அது சி.ஐ. 77491. துகள் நுண்ணியதாக இருந்தால் பட்டுத்துணி போல மெல்லிய பளபளப்பு வரும். பெரியதாக இருந்தால் பொறி பறக்கும், ஆனால் சீக்கிரம் உதிரும். கடையில் டெஸ்டர் இருந்தால் விரலால் ஒருமுறை எடுத்துப் புறங்கையில் தடவி, அதன் மேல் காய்ந்த விரலால் ஒரே ஒரு இழுப்பு இழுங்கள். நிறம் அப்படியே நின்று, விரலில் லேசாக மட்டும் ஒட்டினால் வாங்கலாம். பொட்டுப் பொட்டாகத் துகள் மட்டும் மிஞ்சினால் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவெடுக்காமல் கடை வாசலுக்கு வந்து பாருங்கள்.

பேலட்டில் எல்லோரும் சொல்லும் குறை, இமையில் நிறமே வரவில்லை என்பது. பெரும்பாலும் குறை பேலட்டில் இருக்காது, அடியில் போட்டதில் இருக்கும். இமையில் கறை மறைக்கும் கன்சீலரைப் பயறு அளவு தொட்டு, மெல்லியதாகப் பரப்புங்கள். இமை மடிப்புக்கு மேலே மட்டும் பவுடர் போடுங்கள். ஷிம்மர் வரவேண்டிய நடுப்பகுதியைப் பிசுக்கோடு விட்டுவிடுங்கள். அங்கேயும் பவுடர் போட்டுவிட்டால் ஷிம்மருக்குப் பிடிமானமே கிடையாது. வாஸ்லினோ எண்ணெயோ அடியில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் நிறமெல்லாம் மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும். பிறகு மோதிர விரலால் ஒத்தி ஒத்தி வையுங்கள், தேய்க்கக் கூடாது. இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் பிரஷ்ஷில் முதலில் ஷிம்மரை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு பிரஷ்ஷின் மேல் ஒரு முறை, மேக்கப்பை நிலைக்க வைக்கும் செட்டிங் ஸ்பிரே அடியுங்கள். ஈரப் பிரஷ்ஷை நேராகப் பேலட்டில் முக்கினால் மேல்பரப்பு கண்ணாடி போல இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் நிறம் வராது. இறுகிவிட்டால் செல்லோடேப்பை மேலே ஒட்டி எடுத்தால் அந்தப் படலம் உரிந்துவரும்.

லிக்விட் ஷிம்மர் காற்றுக்கு நன்றாகத் தாங்கும். காய்ந்ததும் ஒரு படலமாகிவிடுவதால் உதிர்வது குறைவு. சிக்கல் காய்வதில்தான். மழைநாளில் ஈரக்காற்றில் அது வழக்கத்தைவிட மெதுவாகக் காயும். அதற்குள் கண்ணை முழுசாகத் திறந்தால் மடிப்பில் கோடு விழும், அந்தக் கோட்டை அப்புறம் மறைக்க முடியாது. ஒரு அரிசி அளவு போதும். இமை நடுவில் வைத்து, விரல் நுனியால் ஓரத்தை மட்டும் கரைத்துவிட்டு, ஒரு நிமிடமாவது கீழே பார்த்தபடி இருங்கள். இரண்டாவது பூச்சு வேண்டுமென்றால் முதல் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகுதான். இல்லாவிட்டால் அடிப்பூச்சு பெயர்ந்து கட்டி கட்டியாக வரும். குப்பியை மூடாமல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாலும் கெட்டியாகிவிடும்.

உதிரித் தூள் இந்தக் கரைக்கு ஆகாது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். இந்தத் தூளுக்கு அதில் கால்வாசி போதும். கல்யாண மண்டபத்துக்குள்ளேயே இருக்கப் போகிற மணப்பெண்ணுக்கு, கிளிட்டர் பசையின் மேல் வைத்தால் சரி. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதையும் தவிர்த்துவிடுங்கள். ஸ்டேஷனரிக் கடை ஜிகினாவைக் கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அது பிளாஸ்டிக் படலத்தை வெட்டிச் செய்வது. ஓரம் கூராக இருக்கும், கருவிழியைக் கீறிவிடும்.

நிறம் என்று வந்தால், வாடைக்கால மேகமூட்டத்தில் வெள்ளியும் பனிவெள்ளையும் மாநிறத்தில் சாம்பல் பூசியது போலத் தெரியும். செம்பு, வெண்கலம், அரக்கு, கத்தரிப்பூ, மயில்கழுத்து ஆகியவை எடுப்பாக நிற்கும். மயில்கழுத்துப் பட்டுக்கு மயில்கழுத்து ஷிம்மர் என்று அப்படியே பொருத்துவதைவிட, இமையில் செம்பு வைத்து, கீழ் இமையோரம் மட்டும் மயில்கழுத்தைக் கோடாக இழுப்பது எங்களுக்குப் பிடித்தது. பரு, பெரிய துவாரம் உள்ள இடத்தில் ஷிம்மர் வைத்தால் அதைத்தான் முதலில் காட்டும். கன்ன எலும்பின் மேல்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் கண், அப்புறம் ஃபவுண்டேஷன். மாற்றிச் செய்தால் கன்னத்தில் உதிர்ந்த துகளை எடுக்கப்போய் ஃபவுண்டேஷனும் கையோடு வரும். உதிர்ந்ததைக் காய்ந்த பெரிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், கையால் துடைத்தால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். செட்டிங் ஸ்பிரே வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: தண்ணீருக்கு அடுத்தே கிளிசரின் இருந்தால், கடற்காற்றில் முகம் காயாமல் பிசுபிசுக்கும், மணல் ஒட்டும். பி.வி.பி. போன்ற படலம் கட்டும் பொருள் உள்ளதாகப் பார்த்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக் கடற்கரையில் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் மேக்கப்பை ராமேஸ்வரத்தில் அறைக்குள்ளேயே முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வேனில் உட்கார்ந்து ஆரம்பித்தால், கதவைத் திறக்கும்போதெல்லாம் மணல் உள்ளே வரும். உதட்டில் ஷிம்மர் கிளாஸ் அங்கே சுத்தமாக வேண்டாம். முதல் காற்றிலேயே முடி ஒட்டும், அதை இழுத்தால் கன்னம் வரை கோடு. சாட்டின் லிப்ஸ்டிக் போட்டு, நடு உதட்டில் மட்டும் பேலட்டில் இருந்து ஒரு தொடு செம்பு வைத்தால் அதே மினுமினுப்பு கிடைக்கும்.

கலைப்பதற்குத் தேங்காய் எண்ணெய் போதும். மார்கழிக் காலையில் உறைந்திருந்தால் உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள். பஞ்சில் தோய்த்து, மூடிய இமையில் அரை நிமிடம் அழுத்தி வைத்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பில் எடுங்கள். லிக்விட் ஷிம்மருக்கு இன்னொரு பஞ்சு தேவைப்படும். தேய்த்தால் துகள் கண்ணுக்குள் போகும். பிறகு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். எண்ணெயை இமையில் விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் கண் மங்கலாக இருக்கும்.

பேலட்டைக் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். நிறம் நிரப்பிய தட்டுகள் பெரும்பாலும் தகரம். உப்புக்காற்றில் ஓரம் துருப்பிடித்து, அந்தத் துரு தட்டில் உள்ள நிறத்திலும் கலக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில், மாத்திரை குப்பியோடு வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். திறந்த டப்பா படத்துக்குள் 12எம் என்று இருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதம் என்று கணக்கு. பேட்ச் எண், உற்பத்தி உரிம எண், பயன்படுத்த வேண்டிய காலம், சேர்மானப் பட்டியல் இந்த நான்கில் ஒன்று அட்டையில் இல்லையென்றாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கண்ணுக்குப் போடும் பொருளாக அதை வாங்காதீர்கள்.