வாடகை வீட்டுக்கு ஃபிரிட்ஜ், மிக்ஸி வாங்கப் போகிறீர்களா? எனக்கு 27,500 ரூபாய் போச்சு

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் மாடி போர்ஷனைச் சாமான்களோடு வாடகைக்கு விட முடிவு செய்தோம். வருகிறவள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ், கைக்குழந்தைக்காரி. அவள் வருவதற்குள் எல்லாம் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், பல கம்பெனிப் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முதலில் காபி வரவழைத்தார், அப்புறம் சொந்த ஊரைக் கேட்டார். சேரன்மகாதேவி என்றேன். "எனக்கும் அதான்க்கா ஊரு" என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். ஃபிரிட்ஜ், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, கேஸ் அடுப்பு நாலும் சேர்த்து 27,500. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில் போட்டா ரேட்டு ஏறிரும்க்கா, நம்மள நம்ப மாட்டியளா?" என்றார். நம்பி, முழுத் தொகையையும் ஜிபேயில் அனுப்பினேன். கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று போட்ட ஒரு துண்டுச் சீட்டு.

இரண்டாம் நாளே ஃபிரிட்ஜ் குளிரவில்லை. கதவு ரப்பரை விரித்துப் பார்த்தால், மடிப்புக்குள் காய்ந்த கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது ஃபிரிட்ஜில் கறிவேப்பிலை எப்படி வரும்? பின்பக்கம் சீரியல் நம்பர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை இன்னும் விரலில் ஒட்டுகிறது. மிக்ஸி, சட்னி அரைக்கும்போதே கருகல் வாடை அடித்து நின்றுவிட்டது. பாவம், அந்தப் பெண் குழந்தையின் பாலைக் கீழே எங்கள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போகிறாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

கடைக்குப் போன் செய்தால், "ஓனர் திருச்செந்தூர் போயிருக்காவ." மறுநாள், "கம்பெனிக்குப் பேசுங்க." கம்பெனி சர்வீஸில், சீரியல் நம்பர் இல்லாமல் புகாரே எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். நேரில் போனேன். காபி வாங்கித் தந்த அதே மனிதர், "பில் இருக்கா?" என்று கேட்கிறார்! 27,500 ரூபாய். மூன்று மாத வாடகைக்கு மேல்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அட்டைப்பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள். வாரண்டி அட்டையில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தால், வாடகை வீட்டுக்குச் செல்லுமா என்று அப்போதே கேளுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜிபே பதிவும் அந்தத் துண்டுச் சீட்டும்தான் இப்போது என் கையில் இருக்கின்றன.