கைக்குட்டை கட்டிய காணொளிகள்: நாயைப் பயிற்சி விடுதியில் விடுமுன் இதைப் படியுங்கள்

செம்பியை 21 நாள் ஒரு பயிற்சி விடுதியில் விட்டிருந்தேன். திரும்பி வந்த மறுநாள் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். தொண்டைப் பக்கம், மயிருக்குள், இரண்டு புண்கள். இரண்டும் பயறு அளவு. நடுவே இரண்டு விரல் இடைவெளி. சண்டையில் பட்ட காயம் இப்படி அளவெடுத்து வைத்தாற்போல் இருக்காது. பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "முள்செடியில் உரசியிருக்கும், களிம்பு போடுங்கள்" என்றார்.

எங்கள் வீடு செம்பிக்கு மூன்றாவது. முதல் வீட்டில் சங்கிலியிலேயே வளர்ந்தாள். இரண்டாவது வீட்டில் குழந்தை பிறந்ததும் வேண்டாதவள் ஆனாள். எங்களிடம் வந்தபோது இரண்டரை வயது. எதிரே வேறு நாய் வந்தால் கயிற்றின் முனையில் பம்பரமாகச் சுழல்வாள். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமுவாள். ஆனால் அவள் ஓடுவதைப் பார்க்க வேண்டும்! கீழே கிடத்திய ஏணியின் படிகளுக்கு நடுவே ஒரு கால் பிசகாமல் கடந்துபோவாள். அஜிலிட்டி என்கிற தடை ஓட்டத்துக்கென்றே பிறந்தவள் என்று எனக்குள் ஓர் ஆசை முளைத்தது. கீழ்ப்படிதலும் தடை ஓட்டமும் ஒரே மூச்சில் சொல்லித்தருவதாக ஒருவர் சொன்னதும் விழுந்துவிட்டேன்.

அவர் பேச்சில் தயக்கமே கிடையாது. செம்பி என் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறாளாம். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் அடக்குவதைப்போல் அடக்கினால்தான் வழிக்கு வருவாளாம். தலைமை ஓநாய் என்ற கருத்தைப் பரப்பிய நூல்களில் ஒன்றை 1970-இல் எழுதியவர் டேவிட் மெக் என்ற ஆய்வாளர். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் அவரே எழுதித் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று தலையாட்டிக்கொண்டு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். என் இரண்டு மாதச் சம்பளம். "21 நாளும் வந்து பார்க்காதீர்கள், உங்களைக் கண்டால் பயிற்சி கலைந்துவிடும்" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

நாளுக்கொரு காணொளி வந்தது. எதுவும் 15 நொடியைத் தாண்டாது. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பாட்டை ஏற்றியிருந்தார்கள். களத்தின் சத்தம் ஒரு துளியும் கேட்காது. செம்பியின் கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புக் கைக்குட்டை. என்ன அழகு என்று உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன், வெட்கக்கேடு. இன்று அதே காணொளிகளைப் பார்த்தால் வேறு தெரிகிறது: காது பின்னால் ஒட்டியிருக்கிறது, வால் வயிற்றுக்கடியில் போயிருக்கிறது, உணவே இல்லாத இடத்தில் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறாள். அவள் 'உட்கார்' என்றதும் உட்கார்ந்ததை மட்டும்தான் அன்று நான் பார்த்தேன்.

கால்நடை மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். ரிமோட்டை அழுத்தினால் கழுத்தில் மின்சாரம் பாய்ச்சும் மின்னதிர்வுப் பட்டையின் உலோக முனைகள் பதிந்த இடம். "சுட்ட புண் இல்லை. பட்டையை இறுக்கிக் கட்டி, நாள்கணக்கில் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். அழுத்தத்தில் தோல் செத்திருக்கிறது" என்றார். கைக்குட்டை எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் செம்பி பொம்மையைப் போல் இருந்தாள். சொன்னால் உட்காருவாள், சொன்னால் படுப்பாள், சொல்லாவிட்டால் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தட்டுக்கு அருகில் போனாலும் உறுமவில்லை. பணம் வீண் போகவில்லை என்று ஐந்து நாள் நம்பினேன். ஆறாம் நாள் தட்டை எடுக்கக் குனிந்த என் தம்பியின் கையைக் கடித்தாள். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. நான்கு தையல். உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதற்குத் தண்டனை கொடுத்தால் எச்சரிக்கைதான் போகும், பயம் அப்படியே இருக்கும். செம்பியிடமிருந்து அழைப்பு மணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குணமாகிவிட்டாள் என்று எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்வுக்கு ஆளான நாய்களைப் பிறகு வேறோர் இடத்தில் விட்டார்கள். அங்கே ஒரு குட்டைத் தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம். அவற்றில் பல தாண்ட முயலவே இல்லை. தடை தாண்டப் பழக்குகிறேன் என்று சொல்லித்தானே என்னிடம் பணம் வாங்கினார்கள்?

தடை ஓட்டப் பயிற்சியும் அந்த இலட்சணத்தில்தான் நடந்திருக்கிறது. சீசா பலகை என்பது நாய் ஏறி நடந்ததும் மறுமுனை தரையில் விழும் ஏற்ற இறக்கப் பலகை. அதைத் தரையோடு தரையாக வைத்து, பிறகு அடியில் மெத்தை கொடுத்து, பலகை விழும் சத்தத்தை நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் உயரத்தைக் கூட்டுவார்கள். இங்கே ஐந்தாம் நாள் காணொளியிலேயே செம்பி முழு உயரப் பலகையில் நிற்கிறாள். பலகை தரையில் மோதும் இடத்தில் காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் கதவு சாத்தினால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத்தாளின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். "உரிமையாளர் வீட்டில் தொடராவிட்டால் நிறுவனம் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் இருந்தது. உத்தரவாதம் முன்பக்கத்தில், கொட்டை எழுத்தில். கூடுதல் பணம் கட்டினால் பட்டையையும் ரிமோட்டையும் எனக்கே தந்து, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று கற்றுத்தருவதாகவும் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பல நாடுகளில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டியதில்லை. அதனால் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நானும் களத்தில் நிற்கலாமா என்று கேளுங்கள். சத்தத்தோடு, வெட்டாத காணொளி கேளுங்கள். உத்தரவாதம் தருகிறவரை நம்பாதீர்கள். உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. முதலில் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறவராக இருந்தால் நல்லது, ஏனென்றால் காதுவலியும் மூட்டுவலியும் முரட்டுத்தனமாக வெளிப்படுவது உண்டு. செம்பிக்கு வலது காதில் பழைய தொற்று இருந்தது. அந்த விடுதியில் யாரும் காதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது வேறொருவரிடம் போகிறோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம். கயிறு என் கையில். முதல் இரண்டு மாதம் தடை எதையும் காட்டவே இல்லை. மற்ற நாய்கள் புள்ளியாகத் தெரியும் தூரத்தில் நின்று, செம்பி அவற்றைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு இறைச்சி கொடுப்போம். அவ்வளவுதான் வகுப்பு. போட்டியில் 12 கம்பங்கள் 60 செண்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும்; நாய் அவற்றின் ஊடே வளைந்து வளைந்து ஓட வேண்டும். நாங்கள் இன்னும் இரண்டு கம்பத்தில்தான் இருக்கிறோம். சீசா பலகையைத் தொடவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறந்துபோய்த் தட்டுக்குப் பக்கத்தில் நடந்தேன். தலையை நிமிர்த்தாமல், மெல்லிய குரலில் உறுமினாள். பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவை. "சரிடி, சரிடி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் போனேன். தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குக் குரல் கம்மிவிட்டது.