உப்புக்காற்றில் ஒரு ஸ்ட்ராட்: இரைச்சலுக்கு மூன்று வைத்தியம்

மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு குருசடித் திருவிழா. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. ஆம்ப்பை ஆன் செய்துவிட்டுச் சும்மா நிற்கிறேன், கம்பியில் கைகூட வைக்கவில்லை, ஸ்பீக்கரில் ஒரே உறுமல். மைக்செட் அண்ணன் எட்டிப் பார்த்து, "மக்களே, ஒனக்க கிட்டாருக்குள்ள தேனீ கூடு கெட்டியிருக்கா?" என்று கேட்டார். தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்துக்காரர், அதனால் தேனீதான் வாயில் வந்தது.

அந்தத் தேனீயை விரட்ட மூன்று வைத்தியமும் பார்த்தேன். முதலில் நாய்ஸ் கேட் பெடல் வாங்கினேன். பிறகு கிட்டாருக்குள் செம்பு டேப் ஒட்டினேன். கடைசியில், கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருளான பிக்கப்பையே மாற்றினேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். என்னுடையது மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள ஸ்ட்ராட், அதாவது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார், வீடு கடலுக்குப் பக்கம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காசு போடும் முன் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. கிட்டாரின் வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கிட்டார்மேல் பழியில்லை. கேபிள், பெடல், ஆம்ப் என்று தேட வேண்டும். சத்தம் நின்றால் வால்யூமைத் திரும்ப ஏற்றி, கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் 'ஜ்ர்ர்' அடங்கினால் அது சுற்றியுள்ள வயர்களின் மின்புலத்திலிருந்து வருவது. தொட்டாலும் அடங்காமல், நின்ற இடத்தில் மெல்லத் திரும்பும்போது ஏறி இறங்கினால் அது காந்தப்புலத்தின் உறுமல்: டிரான்ஸ்பார்மர், பழைய டியூப்லைட் சோக், ஆம்ப்பின் பவர் சப்ளை. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) போட்டால் மட்டும் வரும் 'ஸ்ஸ்' சீறல் மூன்றாவது சாதி. எல்லாவற்றையும் 'இரைச்சல்' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் தப்பான மருந்து வாங்குகிறோம். நான் வாங்கினேன்.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் உறுமல் 50-லும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர் வழி வருவது 100-லும் கேட்கும். தடித்த ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். அதாவது உறுமல் சற்றே சுருதி கூடிய ஜி! ஜி ஸ்கேல் பாட்டுகளில் அது பாதி மறைந்துவிடும். பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டி, ஸ்கேலை எஃப் ஷார்ப்புக்கு இறக்கினால் அன்றைக்கு மானம் போகும்.

சரி, கேட். அது ஒரு வாசல்காரன். நாம் வைத்த அளவுக்குக் கீழே சிக்னல் இறங்கினால் கதவைச் சாத்துவான், மேலே போனால் திறப்பான். பாஸ் என்எஸ்-2 மாதிரிப் பெடல்களில் சிக்னலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் சென்ட், ரிட்டர்ன் துளைகள் இருப்பதால் டிஸ்டார்ஷனை அந்த வளையத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். சீறலுக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கதவு திறக்கும்போது நோட்டோடு உறுமலும் உள்ளே வந்துவிடும். வாசிக்காத நேரத்தில் மட்டும்தான் அமைதி. நற்கருணைப் பாட்டில் ஒரு கார்டை அடித்துவிட்டு அது கரையட்டும் என்று விட்டால், பாதியில் கத்தி வைத்ததுபோல் நிற்கும். அப்புறம், ஒவ்வொரு இடத்துக்கும் அளவை மாற்ற வேண்டும். நாகர்கோவில் ஹாலில் வைத்த அளவு, குளச்சலில் ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் உள்ள மேடையில் எடுபடாது. ஆறு மாதம் குனிந்து குனிந்து திருகிவிட்டு, தக்கலையில் மெட்டல் வாசிக்கும் தம்பி ஒருவனிடம் விற்றுவிட்டேன். அவனுக்கு அது உயிர். வெட்டி வெட்டி வாசிப்பவனுக்குக் கதவு சட்டென்று சாத்துவதுதான் வேண்டும்.

செம்பு டேப்புக்குச் சில நூறு ரூபாய்தான். பிக்கப் இருக்கும் குழி முழுக்க ஒட்டி, பிக்கார்டின் (கிட்டாரின் முன்பக்கத் தகட்டின்) பின்புறமும் ஒட்டி, எல்லாவற்றையும் எர்த்தில் சேர்க்க வேண்டும். பல டேப்களின் பசை கரண்டைக் கடத்தாது. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் மட்டும் இணைப்பு வராது. ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு சொட்டு ஈயம் வைக்க வேண்டும். முதல் தடவை நான் வைக்கவில்லை. இரண்டாம் தடவை வைத்தபோது 'ஜ்ர்ர்' நன்றாகவே குறைந்தது. உறுமல்? அப்படியே இருந்தது. காரணம் எளிது: செம்பு டேப் மின்புலத்தை மறிக்கும், 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை மறிக்காது. அந்த வேகத்தில் காந்தப்புலம் செம்புக்குள் 9 மில்லிமீட்டர் வரை சாதாரணமாக நுழையும். டேப்போ தாள் கனம்.

ஆனாலும் நான் டேப்பைக் கைவிட்டது அதனால் அல்ல. பராமரிப்பால். இந்த அலசலில் முடிவைத் தீர்மானித்ததே அதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. இடையில் உப்புக்காற்று. ஜன்னல் கொண்டியே இரண்டு வருடத்தில் உதிர்கிற வீட்டில், புதுக் கம்பி போட்ட மூன்றாம் வாரம் விரல் கறுக்கிற வீட்டில், கிட்டாருக்குள் மட்டும் செம்பு பளபளவென்று இருக்குமா? முதல் வருடம் நிறம் மங்கியது. இரண்டாம் வருடம் ஓரங்களில் பச்சைக் களிம்பு. ஈயம் வைத்த இடம் தாங்கியது, பசை தாங்கவில்லை. மூன்றாம் வருட மழையில் ஒரு ஓரம் உரிந்து, ஜாக்கின் சிக்னல் முனையில் போய்த் தொட்டுவிட்டது. காணிக்கைப் பாட்டு நடுவில் கிட்டார் ஊமை. இரைச்சல்கூட இல்லை, அந்த வகையில் ஷீல்டிங் பூரண வெற்றி. ஜாக் பக்கத்தில் டேப்பின்மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் ஒட்டியிருந்தால் தப்பித்திருப்பேன், அது என் பிழை. ஆனால் பிக்கார்டைக் கழற்றி, களிம்பைச் சுரண்டி, திரும்ப ஈயம் வைக்கும் வேலை வருடாவருடம் வரும் என்றால் எனக்குப் பொறுமை இல்லை. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் என் அத்தான் ஒட்டிய டேப் ஐந்து வருடமாகத் திறக்காமல் இருக்கிறது. ஈரம் அங்கேயும் உண்டு, உப்பு இல்லை. அவரிடம் கேட்டால் டேப்தான் சிறந்தது என்பார்.

மூன்றாவது வழி. கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர்தான் இதற்கு மூதாதை. இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்தமும் எதிர்முகம். கம்பியின் ஒலி இரண்டிலும் ஒன்றாகச் சேரும், வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்த அகலப் பெட்டியை ஸ்ட்ராட்டில் வைக்க மரத்தைக் குடைய வேண்டும். அதனால் சிங்கிள் காயில் அளவிலேயே, ஒரு சுருளின் கீழே இன்னொரு சுருள் வைத்த ஸ்டேக் வகை வாங்கினேன். ஃபெண்டர், டிமார்சியோ, செய்மோர் டங்கன் எல்லாரும் செய்கிறார்கள். விலைதான் வலி. மூன்றும் சேர்த்து, கேட் பெடல் விலையைத் தாண்டிவிட்டது.

'ஒன்று மட்டும் மாற்றினால் போதாதா?' என்று நானும் கணக்குப் போட்டேன். போதாது. இப்போதைய ஸ்ட்ராட்கள் பலவற்றில் நடு பிக்கப் எதிராகச் சுற்றியது, அதனால் நடு பிக்கப்போடு பக்கத்துப் பிக்கப் சேரும் சுவிட்சின் 2, 4-ஆம் இடங்களில் இப்போதே உறுமல் வராது. (உங்களிடம் அப்படி இருந்தால், அந்த இடங்களில் வாசித்தே சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், செலவு பூஜ்யம்.) ஓரத்தில் மட்டும் ஸ்டேக் போட்டால் அது தனக்குள்ளேயே உறுமலை அடித்துவிடும், நடுவில் உள்ளதை அடிக்க ஆள் இருக்காது. இருந்த அமைதியும் போய்விடும். மாட்டியபின் இரண்டு பிக்கப் சேரும் இடத்தில் சத்தம் மூக்கடைத்ததுபோல் மெலிந்தால், ஃபேஸ் தலைகீழ், அதாவது ஒரு பிக்கப்பின் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். எனக்கு அது ஒரு ராத்திரி வேலை வைத்தது.

பலன்? டியூப்லைட் சோக்குக்கு நேராகப் போய் நின்றாலும் உறுமல் இல்லை. ஒலியில் கண்ணாடி நொறுங்குவதுபோன்ற அந்த மேல்பகுதி லேசாக மழுங்கியது உண்மை. வீட்டில் தனியாக வாசித்தால் தெரியும், கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்தால் எனக்கே தெரியவில்லை. பராமரிப்பு என்று பார்த்தால், மூன்று வருடமாகப் பிக்கப்பைத் தொடவே இல்லை. சுருள் மெழுகுக்குள் பத்திரமாக இருக்கிறது, உப்புக்கு அங்கே வேலையில்லை. வருடம் ஒருமுறை செய்வது இரண்டுதான்: ஜாக்கைத் துடைப்பது, பின்பக்க ஸ்பிரிங் கொக்கியில் எர்த் வயர் ஒட்டிய ஈயத்தைப் பார்ப்பது. அந்த ஈயம் விட்டுப்போனால் கம்பிக்கு எர்த் போய்விடும், பழைய 'ஜ்ர்ர்' திரும்ப வரும். கழற்றிய பிக்கப்களை சிலிக்கா ஜெல் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். கிட்டாரை விற்க நேர்ந்தால் அவற்றை மாட்டிக் கொடுத்துவிடலாம்.

ஆம்ப்பில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றினால் 'கீ...' என்று கூவும் ஃபீட்பேக் வேறு நோய். மெழுகு ஏறாத மலிவுப் பிக்கப்பில் சுருள் அதிர்ந்து, அதுவே மைக்காகிவிடும். நாலு பங்கு பாரபின், ஒரு பங்கு தேன்மெழுகு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், 65 டிகிரியைத் தாண்டாத சூடு, குமிழி நிற்கும்வரை ஊறவிட வேண்டும். நேரடித் தீயில் வேண்டாம், மெழுகு பற்றிக்கொள்ளும். தேன்மெழுகுக்கு மார்த்தாண்டம் இருக்கும்போது நமக்கென்ன கவலை. பழைய பிக்கப் ஒன்றுக்கு இதைச் செய்தேன்: கூவல் நின்றது, உறுமல் நிற்கவில்லை. மற்றபடி ஆம்ப்புக்கு நேர் முன்னால் ஒட்டி நிற்காமல் இரண்டடி தள்ளி நின்றாலே பாதி ஃபீட்பேக் போய்விடும்.

இன்னொரு 'வைத்தியம்' மேடையில் நடக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள்: உறுமல் நிற்க ஆம்ப்பின் எர்த் பின்னைக் கழற்றுவது. கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு. இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்றால் கரண்ட் நம் வழியாகத்தான் போகும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி 1972-இல் மேடையிலேயே அப்படித்தான் இறந்தார். இரண்டு எர்த் சேர்ந்து வளையமானால், கிட்டார் சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அதைப் போடுங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தைத்தான் பிரிக்கும், ஆம்ப்பின் எர்த்தைத் தொடாது. கடலோர மணலில் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும்; ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி மைக்செட்காரரிடம் கெஞ்சியிருக்கிறேன்.

செம்புக்குப் பதில் கார்பன் கலந்த கடத்தும் பெயின்ட் அடிக்கலாம், அதில் களிம்பு பிடிக்காது. முட்டத்தில் நண்பனின் கிட்டாருக்கு அடித்துக் கொடுத்தேன். ஒரு மழைக்காலம்தான் ஆகியிருக்கிறது, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழை முடிந்ததும் திறந்து பார்க்கலாம் என்று இருக்கிறோம்.